பெட்டிச் சாவியும் கடவுச்சொல்லும்

கூட்டுறவுச் சங்கம் பணத்தின் மீது நிற்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கணக்கின் மீது நிற்கிறது. நெசவாளர் ஒருவர் எத்தனை கிலோ நூல் பெற்றார், எத்தனை சேலை நெய்து கொடுத்தார், கூலியிலிருந்து சேமிப்பு நிதிக்கு எவ்வளவு பிடிக்கப்பட்டது. விவசாயி ஒருவர் பயிர்க் கடனாக எவ்வளவு வாங்கினார், எந்தத் தேதியில் எவ்வளவு செலுத்தினார், எத்தனை மூட்டை உரம் எடுத்துச் சென்றார் — இவற்றை உள்ளது உள்ளபடி சொல்லும் ஏடு ஒன்று இருக்கும் வரையில் சங்கம் உண்டு. அந்த ஏடு பொய்த்துப் போகுமாயின், இரும்புப் பெட்டியில் பணம் நிறைந்திருப்பினும் சங்கம் இல்லை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றிய நாள்தொட்டு இவ்வுண்மை மாறவில்லை.

மாறியிருப்பது ஏட்டின் உருவம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் பொருட்டு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டியல், துணி விற்பனை ஆகியவை கம்ப்யூட்டரில் ஏறி வருகின்றன. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். மாதக் கணக்கில் முடியாதிருந்த ஆண்டுக் கணக்கு விரைவில் முடிவதும், கடன் பாக்கியை உறுப்பினர் கேட்ட மாத்திரத்தில் அறிய முடிவதும் சிறு நன்மைகள் அல்ல. ஆயினும், ஏட்டை மாற்றிய நாம் ஏட்டின் காவலை மாற்றினோமா என்ற கேள்வி இன்னும் விடை பெறவில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் சில கருத்துக்களை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கையெழுத்து மறைந்த ஏடு

பழைய பேரேட்டுக்கு அதற்கே உரிய காவல்கள் இருந்தன. பக்கங்களுக்கு எண் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு தாளைக் கிழித்தால் எண் காட்டிக் கொடுக்கும். மையினால் எழுதினர், அடித்துத் திருத்திய இடத்தில் திருத்தியவர் சுருக்கொப்பம் இட்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்து இருந்தது. இந்த வரியை எழுதியவர் எழுத்தரா, செயலாளரா, நேற்று விடுப்பில் வந்த பதிலாளா என்பதைத் தணிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். இரும்புப் பெட்டிக்கோ இரண்டு சாவிகள். ஒன்று ஒருவரிடமும் மற்றொன்று வேறொருவரிடமும் இருக்கும். இருவரும் சேர்ந்தாலன்றிப் பெட்டி திறவாது.

கணினியில் எழுத்துக்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. எவர் தட்டினாலும் ஒன்று ஒன்றாகவே தெரியும். அடித்துத் திருத்திய தடமும் இராது. பழைய தொகை இருந்த இடத்தில் புதிய தொகை அமைதியாக அமர்ந்துகொள்ளும். ஆகவே அங்கே கையெழுத்தின் வேலையைச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே நுழையும்போது நாம் சொல்லும் பயனர் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர்தாம் நுழைகிறார் என்பதற்குச் சாட்சி, பாஸ்வேர்டு என்று எல்லோரும் வழங்கும் கடவுச்சொல். பெயரும் கடவுச்சொல்லும் ஒருவருக்கே உரியவையாக இருந்தால் ஏட்டில் கையெழுத்து உண்டு. பலருக்குப் பொதுவாக இருந்தால் கையெழுத்து இல்லை.

இப்பொழுது அன்பர்கள் தம் சங்க அலுவலகத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் செயலாளர், எழுத்தர், விற்பனையாளர் அனைவரும் நுழைகிறார்களா? கடவுச்சொல் சங்கத்தின் பெயரும் ஓர் ஆண்டும் சேர்ந்ததாக உள்ளதா? அது ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா? மென்பொருளை நிறுவிச் சென்றவர் முதல்நாள் கொடுத்த சொல்லே இன்னும் வழக்கில் உள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்ற விடை வருமாயின், அச்சங்கத்தின் ஏட்டில் கையெழுத்து இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

முதல் இழப்பு குற்றமற்றவருக்கு

பொதுக் கடவுச்சொல்லால் நேரும் கேட்டைப் பேசும்போது திருடனைப் பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். நாம் முதலில் நல்லவரைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் இருப்பு நாற்பது கிலோ குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் தேடிப் பார்க்கையில், மூன்று மாதங்களுக்கு முன் ஒரு வரவுப் பதிவு நீக்கப்பட்டிருப்பது தெரிகிறது. நீக்கியவர் ‘அட்மின்’. அந்தப் பெயரால் நுழைவோர் நால்வர். நால்வருள் ஒருவர் தவறு செய்திருக்கலாம். அல்லது அறியாமல் கை பட்டிருக்கலாம். மற்ற மூவரும் குற்றமற்றவர்கள் என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? வழி கிடையாது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, சங்கத்துக்கு இழப்பு விளைவித்தவரிடமிருந்து அதனை வசூலிக்கத் தண்டத்தீர்வை நடவடிக்கைக்கு இடம் தருகிறது. அத்தகைய விசாரணையில் இருபது ஆண்டு நேர்மையாக உழைத்த எழுத்தர் ஒருவர், “நான் செய்யவில்லை” என்ற வாய்ச்சொல் ஒன்றைத் தவிர வேறு சாட்சியின்றி நிற்க நேரும். தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் ஊழியரைச் சந்தேகிப்பதற்கு ஏற்பட்டவை என்று சிலர் முகம் சுளிக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. அவை ஊழியரின் மானத்தைக் காக்க ஏற்பட்டவை.

ஐதராபாத்தில் நடந்தது

நால்வர் உள்ள அலுவலகத்தில் மட்டும் இது நிகழும் என்று எண்ண வேண்டா. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேச மகேஷ் கூட்டுறவு நகர வங்கியில் 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 கோடியே 48 இலட்சம் ரூபாய் களவு போயிற்று. கன்னம் வைத்தவர் எவரும் இல்லை. பெட்டியை உடைத்தவரும் இல்லை. 2021 நவம்பரில் வங்கி ஊழியர்களுக்கு இருநூறுக்கு மேற்பட்ட வஞ்சக மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டன என்றும், இருவர் அவற்றைத் திறந்ததால் கள்ளர் உள்ளே புகுந்தனர் என்றும் ஐதராபாத் போலீஸார் விசாரணைக்குப் பின் வெளியிட்டனர்.

அவர்கள் சொன்ன மற்றொரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. எல்லா அதிகாரமும் படைத்த ‘சூப்பர் யூசர்’ என்னும் பயனர்கள் அவ்வங்கியில் பத்துப் பேர் அளவில் இருந்தனராம்; அவர்களுள் சிலருக்கு ஒரே கடவுச்சொல் இருந்ததாம். ஒரு சாவியைத் திருடியவனுக்குப் பல பூட்டுகள் திறந்தன. தரவுத்தளத்துக்குள் நுழைந்து சில கணக்குகளில் இருப்புத் தொகையை உயர்த்தி எழுதி, அங்கிருந்து பணத்தைப் பல வங்கிகளின் கணக்குகளுக்கு அனுப்பி எடுத்துக்கொண்டனர். கணினிப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமைக்காக ரிசர்வ் வங்கி 2023-ஆம் ஆண்டில் அவ்வங்கிக்கு 65 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அபராதமும் இறுதியில் உறுப்பினரின் பணமே என்பதை மறவாதிருப்போமாக.

முன்வாசலும் பின்வாசலும்

கணக்குகள் அனைத்தும் தங்கியிருக்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். அதனைக் காத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்து, புதியதை எழுதி வைக்கும் அமைப்பை டேட்டாபேஸ் சர்வர் என்பர். கிட்டங்கியும் கிட்டங்கிக் காப்பாளரும் போல என்று கொள்ளலாம். எழுத்தர் நாள்தோறும் காணும் திரை, கிட்டங்கியின் முன்வாசல். அதில் ஒரு பூட்டுப் போட்டால் போதும் என்று நம்மவர் பலர் நினைக்கின்றனர். சர்வருக்குத் தனியே ஒரு பின்வாசல் உண்டு. அதற்கும் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் உண்டு. பின்வாசல் திறந்துகிடந்தால் முன்வாசல் பூட்டினால் பயன் யாது?

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்னும் இரு சர்வர்கள் விலையின்றிக் கிடைப்பவை, உலகெங்கும் வழங்குபவை. முன்னதில் ‘ரூட்’ என்றும், பின்னதில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்றும் ஒரு தலைமைப் பயனர் பெயர் அமைப்பிலேயே உண்டு. இப்பெயரால் நுழைந்தவர் எதையும் பார்க்கலாம், எதையும் அழிக்கலாம், பிறருக்கு அதிகாரம் வழங்கலாம், பறிக்கலாம். இது சங்கத்தின் மூலச் சாவி. இதனை அன்றாட வேலைக்கு எடுக்கலாகாது. ஆனால் மென்பொருளை நிறுவுவோர் சிலர், வேலை விரைவில் முடியும் என்று, கூலிப் பட்டியல் போடும் மென்பொருளையே மூலச் சாவியால் நுழையுமாறு அமைத்துவிடுகின்றனர். அம்மென்பொருளில் ஒரு சிறு ஓட்டை இருப்பினும், அதன் வழியே வருபவனுக்குக் கிட்டங்கி முழுவதும் சொந்தமாகிவிடும்.

முறை என்னவெனில், சர்வரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பெயர் ஏற்படுத்தி, அந்த வேலைக்குத் தேவையான அளவே அதிகாரம் தருவது. பார்த்தல், புதிதாக எழுதுதல், திருத்துதல், நீக்குதல் என்று அதிகாரங்களைத் தனித்தனியே அளந்து கொடுக்கச் சர்வர் இடம் தருகிறது. சங்க மென்பொருளின் பெயருக்கு அச்சங்கத்தின் தரவுத்தளத்தில் மட்டும் பார்க்கவும் எழுதவும் அதிகாரம் போதும். அட்டவணைகளையே அழிக்கும் அதிகாரம் அதற்கு எதற்கு? தணிக்கையாளருக்குப் பார்க்கும் அதிகாரம் மட்டும். நகல் எடுத்து வைக்கும் வேலைக்கு ஒரு தனிப் பெயர். அதற்கும் எழுதும் அதிகாரம் வேண்டா. பதிவு தவறாகிவிட்டால் நீக்குவதற்குப் பதிலாக எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வதே நம் பழைய கணக்கு மரபு. கணினியிலும் அம்மரபையே காக்கலாம். எழுத்தருக்கு நீக்கும் அதிகாரம் இல்லாததால் எந்த வேலையும் கெடாது.

அடுத்தது, எங்கிருந்து நுழையலாம் என்ற வரம்பு. தலைமைப் பயனர் சர்வர் இயங்கும் இயந்திரத்திலிருந்து மட்டுமே நுழைய முடியும்படி வைக்கலாம். மற்றப் பெயர்களை அலுவலகத்துக் கணினிகளுக்குள் அடக்கி வைக்கலாம். இணையத்திலிருந்து எவரும் தட்டக்கூடிய கதவாகச் சர்வரை ஒருபோதும் விடலாகாது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாங்கோடிபி என்னும் தரவுத்தளங்கள் பல்லாயிரம் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தன. கள்ளர் அவற்றை அழித்துவிட்டு, திருப்பித் தருவதாகக் கூறிப் பணம் கேட்டு ஓலை வைத்துச் சென்றனர். பூட்டை உடைக்க அங்கே எந்தத் திறமையும் வேண்டியிருக்கவில்லை, பூட்டே இல்லை.

புதிதாக நிறுவும் நாளில் செய்ய வேண்டிய வேலை அதிகம் அன்று. பெயரில்லாப் பயனர்களை நீக்குதல், சோதனைக்கென வந்த தரவுத்தளத்தை அகற்றுதல், தலைமைப் பயனர் வெளியிலிருந்து நுழைவதைத் தடுத்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்து முடிக்கும் சிறு நிரல் ஒன்று மைஎஸ்கியூஎல்லுடன் கூடவே வருகிறது. அதனை ஓட்டினீர்களா என்று நிறுவியவரிடம் கேட்க வேண்டியது சங்கத்தின் உரிமை.

கடவுச்சொல் எப்படி இருத்தல் நலம்

கணினியில் கடவுச்சொல் என்னும் வழக்கம் 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலரும் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டு உபயோகித்த காலத்தில் வந்தது. வந்த சில நாட்களிலேயே அதன் குறையும் வெளிப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். சொற்களை உள்ளபடியே எழுதி வைத்ததால் வந்த வினை அது.

அதன்பின் அறிஞர்கள் கண்ட வழி இது: கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், ஒரு கணித முறையால் அரைத்து வைத்தல். அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. ஆனால் அதே அரிசியை அதே முறையில் மறுபடி அரைத்தால் அதே மாவு வருகிறதா என்று ஒப்பிடலாம். இருவர் ஒரே சொல்லை வைத்திருப்பினும் மாவு வேறாகத் தெரியும்படி, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான ‘உப்பு’ சேர்ப்பதும் உண்டு. இம்முறையை 1979-இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்ப்ஸன் இருவரும் விளக்கி எழுதினர். இன்றைய சர்வர்கள் அனைத்தும் இதன் வழி வந்தவையே. ஆகவே, உறுப்பினர் பதிவையோ ஊழியர் பதிவையோ திறந்தால் கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியும் மென்பொருளை எந்தச் சங்கமும் ஏற்றுக்கொள்ளலாகாது. 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வாறு உள்ளபடியே வைத்திருந்த 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றுள் மிகுதியாக வழங்கிய சொல் ‘123456’. மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர் அதையே வைத்திருந்தனர். அப்பட்டியல் இன்றும் கள்ளர் கையில் இருக்கிறது. எந்தப் பூட்டிலும் அவர்கள் முதலில் நுழைத்துப் பார்க்கும் சாவிக்கொத்து அதுவே.

முப்பது நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இலக்கமும் குறியும் கலந்திருக்க வேண்டும் என்னும் விதி பல அலுவலகங்களில் உண்டு. இவ்விதியில் நமக்கு உடன்பாடு இல்லை. இந்த யோசனையைப் பரப்பிய அமெரிக்க அரசுக் கையேட்டை 2003-இல் எழுதிய பில் பர் அவர்களே, 2017-இல் அதற்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். அவர் பணியாற்றிய தேசியத் தர நிலையமும் அவ்வாண்டில் தன் வழிகாட்டியைத் திருத்தி, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் சொல்ல வேண்டா என்றது. காரணம் நம் அனுபவத்துக்கு எட்டியதே. மாதந்தோறும் மாற்றச் சொன்னால் மனிதர் புதிய சொல்லைப் படைப்பதில்லை. பழைய சொல்லின் முடிவில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டு போகின்றனர். நினைவில் நில்லாததால் தாளில் எழுதி ஒட்டுகின்றனர். விதி கடுமையாயிற்று, காவல் தளர்ந்தது.

நீளமே பலம். கடவுச்சொல் ஒன்றை மட்டும் நம்பி நுழையும் இடத்தில் குறைந்தது 15 எழுத்துக்கள் வேண்டும் என்று அந்நிலையத்தின் 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பதினைந்து எழுத்து என்று அஞ்ச வேண்டா. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களைக் கோத்து ஆங்கில எழுத்தில் தட்டினால் இருபது எழுத்துக்கு மேல் வந்துவிடும். பாட்டி வீட்டுத் தோட்டத்து மரம் ஒன்று, ஒரு கறியின் பெயர், ஒரு பண்டிகைப் பொருள், ஒரு தறிக் கருவி என்று அவரவர் மனத்துக்குள் கோத்துக்கொள்ளலாம். பாடலின் முதலடி, குழந்தையின் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவை கூடா. அவை ஊரார் அறிந்தவை. அலுவலகத்தில் வைத்த சொல்லை வேறெங்கும் வைக்கலாகாது. கைப்பேசிக்கு வரும் எண்ணையும் சேர்த்துக் கேட்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதனையும் ஏற்படுத்திக்கொள்வது நலம்.

சொல் வெளிப்பட்டது என்ற ஐயம் எழுந்தாலோ, ஊழியர் மாற்றலாகிச் சென்றாலோ, அன்றைக்கே மாற்றல் வேண்டும். சென்றவருடைய பயனர் பெயரை அழித்துவிடாமல் முடக்கி வைக்க வேண்டும். அழித்தால் அவர் எழுதிய வரிகளுக்கு உரியவர் இல்லாமற் போய்விடும். பலமுறை தவறான சொல்லைத் தட்டினால் சிறிது காலம் கதவை மூடும் ஏற்பாடும், குறைந்தபட்ச நீளத்தை வற்புறுத்தும் ஏற்பாடும் மைஎஸ்கியூஎல்லின் 8.0 வரிசையிலிருந்து அதனுள்ளேயே கிடைக்கின்றன. எங்கிருந்து எவர் நுழையலாம் என்பதை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கப் போஸ்ட்கிரெஸ் இடம் தருகிறது. இவற்றுக்கெல்லாம் தனியே விலை கிடையாது. எனவே பணமில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மறுப்புகளும் விடைகளும்

“நாங்கள் ஒரு குடும்பம் போல் இருக்கிறோம், எங்களுக்குள் பூட்டு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்த முன்னோர் ஒருவரையொருவர் நம்பாதவர்களா? நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே ஐயத்துக்கு இடம் தராத ஏற்பாட்டைச் செய்தனர்.

“தலைவர் என்ற முறையில் எல்லாக் கடவுச்சொற்களும் எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்” என்று கூறுவோரும் உளர். இதனை வன்மையாக மறுக்கிறோம். தலைவருக்கு எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை உண்டு. அதற்கு அவருக்கென ஒரு பெயரும், பார்க்கும் அதிகாரமும் கொடுத்தால் தீர்ந்தது. எழுத்தரின் சொல்லை அறிந்த தலைவர், எழுத்தரின் கையெழுத்தை இடக்கூடியவர் ஆகிறார். பிறகு ஏதேனும் தவறு நேர்ந்தால் ஐயத்தில் அவரும் பங்காளி ஆவார். அத்தகைய அறிவு எந்தத் தலைவருக்கும் பெருமை தராது.

“செயலாளரும் ஓர் எழுத்தரும் மட்டுமே உள்ள சிறு சங்கம் எங்களுடையது, அதிகாரத்தைப் பிரிக்க ஆள் ஏது?” என்பது நியாயமான கேள்வி. ஆள் இருவரே ஆயினும் பெயரும் இரண்டு இருக்கலாம். அன்றாட வேலைக்குச் செயலாளர் ஒரு சாதாரணப் பெயரால் நுழையலாம். மூலச் சாவியின் சொல்லை நீளமாக அமைத்து, எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, உறையின் மீது இருவர் ஒப்பமிட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். தேவை நேரும்போது இருவர் முன்னிலையில் திறந்து, தேதியையும் காரணத்தையும் பதிவேட்டில் குறித்து, வேலை முடிந்தபின் சொல்லை மாற்றிப் புதிய உறையில் இட வேண்டும். செயலாளர் திடீரென நோயுற்றாலும் சங்கம் திகைத்து நில்லாது.

“மென்பொருள் நிறுவனத்தார் தொலைவிலிருந்து பழுது பார்க்க வேண்டியிருக்கிறதே” என்பது நான்காவது. பார்க்கட்டும். ஆனால் அவருக்கெனத் தனிப் பெயர் வேண்டும்; பழுது பார்க்கும் நாளில் திறந்து, வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டும். தறி சரிசெய்ய வந்த ஆசாரியிடம் வீட்டுச் சாவியை ஆண்டு முழுவதும் கொடுத்து வைப்பார் உண்டோ?

உறுப்பினர் கேட்க வேண்டியவை

இத்தனையும் செய்தபின், எவர் எப்போது நுழைந்து என்ன செய்தார் என்னும் பதிவைக் கணினி எழுதிக்கொண்டே இருக்கும்படி அமைக்க வேண்டும். அப்பதிவை எவரும் படிக்காவிட்டால் பயனில்லை. நிர்வாகக் குழுவோ, குழு இல்லாத இடத்தில் தனி அலுவலரோ, மாதம் ஒருமுறை அதனைக் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும். அலுவலக நேரத்துக்குப் பின் நுழைந்தவர் யார்? நீக்கப்பட்ட பதிவுகள் எவை? முடக்க வேண்டிய பெயர்கள் இன்னும் நடமாடுகின்றனவா? இம்மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும். செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், கணினிக் களவு தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பொதுப் பெயரில் எல்லோரும் நுழையும் சங்கம் என்னத்தைத் தெரிவிக்கும்?

மேலிடத்து மென்பொருளில் கணக்கு எழுதும் சங்கங்களுக்குச் சர்வரைக் காக்கும் கடமை இல்லாதிருக்கலாம். ஆயினும் பெயரையும் சொல்லையும் காக்கும் கடமை சங்கத்தையே சாரும். தலைநகரில் எத்தனை உறுதியான கோட்டை கட்டினாலும், அதன் சாவி நம் மேசை மீது கிடந்தால் கோட்டை நம் மேசையளவே உறுதி.

ஆகவே, வரும் பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கையும் இலாபப் பங்கீடும் பேசி முடிந்தபின், உறுப்பினர் ஒருவர் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். நம் சங்கக் கணினியில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டா? மூலச் சாவி யாரிடம், எந்த உறையில் உள்ளது? கடைசியாக வேலையை விட்டுச் சென்றவரின் பெயர் முடக்கப்பட்டதா? நுழைவுப் பதிவைக் கடைசியாகப் படித்தவர் யார், எந்தத் தேதியில்? கணினி நூல் எதுவும் கற்காத நெசவாளரும் உழவரும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விடைகளைக் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதப்பட்ட விடைக்கு அடுத்த ஆண்டில் ஒருவர் பொறுப்பாளி ஆவார்.